வீட்டுப் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்வது எப்படி: முதல் ஒலிப்பதிவிலிருந்து கடைசிப் பிரதி வரை

குடும்ப வரலாற்றைத் திரட்டப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, போனில் ஒரு வம்சாவளி ஆப்பை இறக்கித் தெரிந்த பெயர்களையெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்புவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒன்றரை வருஷம் பெயர்களையும் தேதிகளையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் அப்பத்தாவுக்கு (அப்பாவின் அம்மா) பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. பெயர்கள் இன்றும் பத்திரத்திலும் ஜாதகத்திலும் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1942-ல் தாத்தா ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த கதை அப்பத்தாவிடம் மட்டும்தான் இருந்தது.

அதனால் இதில் வரிசைதான் எல்லாம். ஆள் முதலில், தாள் அடுத்து, வம்சாவளி கடைசியில். அப்புறம் என் அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் பதினாறு பேரைப் பதிவு செய்திருக்கிறேன், சொந்தத்திலும் நட்பிலும் சிலருக்கு உடனிருந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுகிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான், அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். எங்கள் பக்கம் சிவகங்கைச் சீமை, உறவுப் பெயர்கள் அந்த வழக்கில் வரும். அப்பாயி, அம்மாயி, ஆச்சி என்று உங்கள் வீட்டு வழக்கை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கையில் வேண்டியவை அதிகமில்லை: ஒலிப்பதிவு செய்யும் ஒரு போன், ஒரு சார்ஜர், நீளமான ஒரு நோட்டு, பென்சில், ஒரு துண்டு. இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு மைக் வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

1. யாரிடம் முதலில் போவது

நோட்டில் அம்மா வழி, அப்பா வழி இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே வயது, காது எப்படிக் கேட்கிறது, நினைவு எப்படி இருக்கிறது என்று குறியுங்கள். வயதில் மூத்தவர்தான் முதலில் என்று நினைத்துவிடாதீர்கள். 90 வயதில் திடமாக இருக்கிறவர் ஆறு மாதம் பொறுப்பார், 74 வயதில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கத் தொடங்கிவிட்டவர் பொறுக்கமாட்டார். அவரிடம் இந்த வாரமே போங்கள்.

பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகிறவர்கள் மூன்று வகை. வாழ வந்த மருமகள்கள் முதல் வகை. பதினெட்டு வயதில் புது வீட்டுக்குள் நுழைந்தவருக்கு அந்த வீட்டில் பிறந்தவர் கவனிக்காததெல்லாம் கண்ணில் பட்டிருக்கும். கல்யாணம் ஆகாமலோ சீக்கிரம் விதவையாகியோ வீட்டோடு இருந்துவிட்ட அத்தைகள் அடுத்தது. மூன்றாவது, பல வருஷம் அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள். குடும்பத்தார் தங்களைப் பற்றிச் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள், அது சில நேரம் கேட்க வலிக்கும், ஆனாலும் பதிவு செய்ய வேண்டியதுதான்.

2. போவதற்கு முன் ஒரே ஒரு பொருளைத் தேடி எடுங்கள்

ஒரு பழைய படம், ஒரு பித்தளைச் செம்பு, பர்மாவிலிருந்து வந்த ஒரு பெட்டி, ஏதாவது ஒன்று போதும். கையில் பொருள் இருந்தால் பேச்சு தானாக வரும். வெறுங்கையோடு போய் “உங்க காலத்துல எப்படி இருந்துச்சு, சொல்லுங்க” என்றால் “என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம்” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

வாங்கிய ஊர் பெயர் செம்பில் வெட்டியிருக்கும், சில சமயம் சீர் கொடுத்தவர் பெயரும் இருக்கும். என் சின்ன அப்பத்தாவிடம் அப்படி ஒரு செம்பைக் கொடுத்தேன், திருப்பிப் பார்த்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். அந்தப் பெயர் அவருடைய தாய்மாமனுடையது என்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரே நாளில் ஆல்பம் முழுவதையும் விரித்துவிடாதீர்கள். படத்துக்குப் படம் “இது இன்னார், இது இன்னார்” என்று பெயர் மட்டும் வரும், கதை வராது.

3. இடமும் சத்தமும்

முற்பகல் பத்து மணிவாக்கில், காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடிந்த பிறகு உட்காருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும், சாயங்காலம் டிவி சீரியல் வரும். ஒரு அமர்வுக்கு 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதற்குமேல் போனால் அவருக்குக் களைப்பு, மறுமுறை கூப்பிட்டால் வரமாட்டார்.

கூரை மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அறையில் கேட்கும்போது அது சத்தமாகவே தெரியாது, பதிவில் பேச்சை மூழ்கடித்துவிடும். வெயில் காலமாக இருந்தால் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காரலாம். காக்கைச் சத்தம் பரவாயில்லை, விசிறிச் சத்தம்தான் ஆகாது. வெறும் சிமெண்ட் சுவர் உள்ள அறை எதிரொலிக்கும், துணி காயப்போட்ட அறையோ மெத்தை உள்ள அறையோ நல்லது.

துண்டை நாலாக மடித்து, அதன்மேல் போனை வைத்து, பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும்படி பாருங்கள். மேஜைமேல் நேராக வைத்தால் தட்டுவதும் டம்ளர் வைப்பதும் இடி மாதிரி விழும். விமானப் பயன்முறையைப் போட மறக்காதீர்கள், நடுவில் ஒரு அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள். ஒரு நிமிடம் பேசவைத்துப் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒன்றேகால் மணி நேரம் பதிந்து, வீட்டுக்கு வந்து கேட்டால் வெறும் இரைச்சல், அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் இரண்டாம் முறை அதே கதையை அதே மாதிரி சொல்லவில்லை.

வீடியோ வேண்டுமா என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு அமர்வு ஒலி மட்டும். கேமராவைப் பார்த்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைப் பேச்சு மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள். பழகிய பிறகு பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கை அசைவும் முகமும் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும்.

பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், உங்கள் பெயர், உறவு எல்லாம் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் என்றைக்காவது மாறிப்போனாலும் உள்ளே அடையாளம் இருக்கும்.

4. கேட்கும் விதம்

முழு வேலையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, இங்கேதான் அதிகம் கெட்டுப்போவதும்.

வாழ்க்கையைக் கேட்காதீர்கள், வீட்டைக் கேளுங்கள். “நீங்க சின்னப் பிள்ளையா இருந்த வீட்டுல வாசல் எந்தப் பக்கம்? உள்ள நுழைஞ்சா முதல்ல என்ன இருக்கும்? கெணறு எங்க? யாரு எங்க படுப்பாங்க?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மனதுக்குள் அவர் அந்த வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார், போகிற வழியில் ஆட்கள் எதிர்ப்படுவார்கள். “அந்த ரூம்புல எங்க சின்னாத்தா படுத்திருக்கும், அது பிரசவத்துல செத்துப்போச்சு” என்று ஒரு ஆள் வெளியே வரும், அந்த ஆள் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அப்புறம் வயிறு. காலையில் என்ன சாப்பிட்டார்கள், நெல்லுச்சோறு எந்தெந்த நாளில், பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், யார் கடைசியில் சாப்பிடுவார்கள். பிறகு காசு. முதல் கூலி எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தார், கடன் யாரிடம் வாங்கினார்கள், எந்த நகை அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை. சாப்பாட்டையும் காசையும் பற்றிக் கேட்டால் பொதுப்படையாகப் பேச முடியாது, குறிப்பான பதில்தான் வரும். காரணம் அதுதான்.

பயணத்தைத் தனியாகக் கேளுங்கள். எங்கள் பக்கம் பர்மாவோ மலாயாவோ இலங்கையோ போகாத வீடு குறைவு. “எப்படிப் போனாங்க” என்றால் “கப்பல்ல” என்று முடித்துவிடுவார்கள். எந்த ஊரில் ரயில் ஏறினார், கையில் என்ன கட்டிக் கொடுத்தார்கள், இலங்கை போனவர் என்றால் நோய்ச் சோதனைக்கு மண்டபம் முகாமில் நிறுத்திவைத்தார்களா, அக்கரையில் முதலில் கூட்டிக்கொண்டு போனவர் யார், எந்தத் தெருவில் தங்கினார் என்று படிப்படியாகப் போக வேண்டும். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அதிலிருந்து 1942 நடுப்பகுதி வரை அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். உங்கள் தாத்தா எந்த வழி என்று தெரிய வேண்டுமானால் இடங்களின் பெயரை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். “வழியில மலை ஏறுனாங்களா, ஆறு தாண்டுனாங்களா, படகா, எந்த ஊருல வந்து ரயிலப் புடிச்சாங்க” என்று மட்டும் கேளுங்கள். பெயரை நாம் சொன்னால் “ஆமா, அதான்” என்பார்கள், அந்த ஆமாவை நம்ப முடியாது.

அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அடுத்த கேள்வியை வீசிவிடுகிறார்கள், வாய்வரை வந்தது உள்ளே போய்விடுகிறது. என்னிடம் உள்ள பதிவுகளில் மிகக் கனமான வார்த்தைகள் எல்லாம் ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகு வந்தவைதான்.

திருத்தாதீர்கள். “இல்ல அப்பத்தா, அது அறுபத்தஞ்சு” என்று நீங்கள் சொன்ன அந்த நிமிடமே அவர் பரீட்சை எழுதுகிற மாணவராகிவிடுவார். தப்பான வருஷத்தைப் பிறகு சரிசெய்யலாம். “ம்ம், ம்ம்” என்று சத்தம் போடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள், பதிவு சுத்தமாக இருக்கும்.

தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தால் பாட்டியிடம் கேட்ட கேள்விக்கும் தாத்தாதான் பதில் சொல்வார். இருவரையும் சேர்த்து ஒரு அமர்வு வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பதற்காக. ஆனால் பாட்டியைத் தனியாகவும் கேட்டே ஆக வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பதைவிட, அவர் கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நன்றாகப் பேசுவார். எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை தங்கியது என்ற கேள்வி தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டியது. பிறந்து இறந்த பிள்ளைகளின் பெயர் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

5. அன்று ராத்திரியே முடிக்க வேண்டியவை

போனிலிருந்து பதிவைக் கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டு அதையே மூலம் என்று நினைக்காதீர்கள், கேபிள் போட்டு எடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம்-மாதம்-தேதி முதலில், பிறகு ஆள், பிறகு ஊர்: “2024-08-11 சின்ன அப்பத்தா தேவகோட்டை 1” என்பது போல. வருஷம் முன்னால் இருந்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். “தாத்தா புதுசு”, “தாத்தா கடைசி” என்று பெயர் வைத்தால் ஒரு வருஷத்தில் உங்களுக்கே புரியாது.

முழுப் பேச்சையும் எழுத்தில் இறக்க வேண்டும் என்று உடனே உட்காராதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், அந்த மலைப்பிலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். முதலில் எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்ற குறிப்புப் பட்டியல் மட்டும் போடுங்கள்: 04:10 பழைய வீடு, 12:40 சின்னாத்தா பிரசவம், 27:05 ரங்கூன் கடிதம். நோட்டில் ஒரு பக்கம்தான் வரும். இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளை தேடுவதும் இதைத்தான்.

பிறகு எழுத்தில் இறக்கும்போது பேச்சை அப்படியே எழுதுங்கள். “வந்துச்சு” என்றால் “வந்துச்சு”தான். குரல் தட்டச்சு வசதி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் வட்டார வார்த்தையை அது தனக்குத் தெரிந்த வேறு வார்த்தையாக மாற்றிவிடும். அதனால் ஒலியைக் கேட்டுக்கொண்டே வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். புரியாத வார்த்தையை அழிக்காமல் அடிக்கோடிட்டு அடுத்த முறை அவரிடமே கேளுங்கள்.

6. வருஷத்தைப் பிடிப்பது

பெரியவர்கள் ஆங்கில வருஷம் சொல்லமாட்டார்கள். சம்பவம் சொல்வார்கள், தமிழ் வருஷம் சொல்வார்கள். இரண்டையும் ஆங்கில வருஷமாக மாற்ற வழி இருக்கிறது.

சம்பவங்களுக்கு ஒரு தாள் தயாராக வைத்திருங்கள். காந்தி இறந்தது 1948 ஜனவரி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். நேரு இறந்தது 1964 மே. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். இந்தி எதிர்ப்புக் கலவரம் 1965 தொடக்கம். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. காமராசர் இறந்தது 1975 அக்டோபர் 2. நாகப்பட்டினம் புயல் 1977 நவம்பர். எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர். இவற்றோடு உங்கள் ஊரின் சம்பவங்களையும் சேருங்கள்: கண்மாய் உடைந்தது, கரண்ட் வந்தது, கும்பாபிஷேகம். கும்பாபிஷேக வருஷம் பெரும்பாலும் கோயில் கல்வெட்டிலேயே இருக்கும்.

“அப்ப நீங்க எந்த வருஷம் கல்யாணம்” என்பதற்குப் பதிலாக “அந்தப் புயல் அடிச்சப்ப உங்களுக்குப் பிள்ளை இருந்துச்சா, இடுப்புலயா நடந்துச்சா” என்று கேளுங்கள். பிள்ளையின் வயது தெரிந்தால் கல்யாண வருஷம் ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்தில் கிடைத்துவிடும்.

தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். தாது என்றால் 1876, 1936, 1996 மூன்றும் உண்டு, எது என்பதை ஆளின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது, அதாவது ஏப்ரல் நடுவில். சித்ரபானு 1942 என்று பார்த்துவிட்டு, சித்ரபானு வருஷம் தை மாதம் பிறந்தவருக்கு 1942 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தை மாதம் விழுவது 1943 ஜனவரி, பிப்ரவரியில். மார்கழிப் பாதியிலிருந்து பங்குனி வரை பிறந்தவர்களுக்கு ஒரு வருஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜாதகத்தில் கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். கையைத் தலைக்குமேல் வளைத்து எதிர்க் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலத்தில், தேதியைப் பல இடங்களில் வாத்தியாரே போட்டுவிடுவார். ஜாதகத் தேதி, சான்றிதழ்த் தேதி இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்றும் குறியுங்கள்.

7. தாள்களைத் தேடும் வரிசை

முதலில் மொய் நோட்டு. இதை யாரும் வரலாறாக நினைப்பதில்லை, வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போகிற முதல் பொருளும் இதுதான். 1960, 70-களின் ஒரு மொய் நோட்டில் ஊர்வாரியாகச் சொந்தக்காரர்களின் பெயர், அப்பா பெயர், கொடுத்த தொகை எல்லாம் இருக்கும். எந்தெந்த ஊரில் கொண்டான் கொடுத்தான் உறவு இருந்தது, எந்த வருஷத்தோடு ஒரு வீட்டின் பெயர் நோட்டிலிருந்து காணாமல் போகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். காணாமல் போன இடத்தில் ஒரு சண்டையோ சாவோ இருக்கும்.

அடுத்து பத்திரங்கள். கிரயப் பத்திரத்தில் “இன்னார் குமாரர் இன்னார்” என்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். செக்குபந்தியில் நான்கு எல்லையிலும் யார் நிலம் என்று இருக்கும், பங்காளிகளின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் பெரும்பாலும் மாமன் மச்சான்தான். வம்சாவளிக்கு எல்லாவற்றிலும் நல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், ஆண் வாரிசுகள் வரிசையாக வந்துவிடுவார்கள். ஆண் வாரிசுகள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989-ல்தான் வந்தது, அதுவும் அப்போது கல்யாணம் ஆகாதவர்களுக்கு. அதற்கு முந்தைய பத்திரங்களில் மகள்கள் பெயர் இல்லாமலே இருக்கலாம். பத்திரத்தில் இல்லை என்பதால் மகளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பத்திரம் கேட்கப் போகும்போது ஒரு எச்சரிக்கை. பத்திரத்தைக் காட்டுங்கள் என்றால் சொத்துக்காக வந்திருக்கிறான் என்றுதான் சொந்தத்தில் நினைப்பார்கள், அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் மற்ற கதைகளும் அடைபட்டுவிடும். அதனால் பத்திரத்தை முதல் சந்திப்பில் கேட்கவே கூடாது. மூன்றாம் நான்காம் முறை, அவர்கள் நம்புகிற ஒரு பெரியவரோடு போய், அவர்கள் கண் முன்னாலேயே போனில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூலத்தை வாங்கிக்கொண்டு வரக் கூடாது, “எடுத்துட்டுப் போய்ட்டு அப்புறம் குடு” என்று அவர்களே சொன்னாலும்கூட.

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, இன்லாண்ட் கடிதம் எல்லாம் இதற்குப் பிறகு. கடிதத்தில் உள்ள தபால் முத்திரையையும் சேர்த்துப் படமெடுங்கள், ஊரும் தேதியும் அதில் இருக்கும்.

எந்தத் தாளையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே தாள் பழுத்துக்கொண்டே இருக்கும். செலோ டேப்பும் வேண்டாம். ஓலைச்சுவடியில் ஜாதகம் இருந்தால் எண்ணெய் தடவிப் பார்க்கிறேன் என்று நீங்களாக இறங்காமல், இருக்கிற நிலையில் படமெடுத்துத் துணியில் சுற்றி வையுங்கள், பழக்கமுள்ளவர் கைக்குப் போகும்வரை.

8. படங்கள்

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ-யில் எடுங்கள், முன் பக்கமும் பின் பக்கமும். பின்னால் ஸ்டூடியோ முத்திரை, ஊர், யாரோ கிறுக்கிய பெயர் இருக்கும். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள்.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே எடுங்கள். பிசின் தடவிய அட்டையில் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் படத்தைக் கெடுப்பவை, அவற்றிலிருந்து எளிதாக வருகிற படங்களை மட்டும் எடுத்துக் காகித உறையில் போடுங்கள். எளிதாக வராததை ஆல்பத்தில் இருக்கும்போதே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும். மென்மையான பென்சில் போதும், வழவழப்பான தாளாக இருந்தால் உறையின்மேல் எழுதுங்கள். கூட்டமாக இருக்கும் படத்துக்கு ஒரு நகல் போட்டு, ஒவ்வொரு தலைமேலும் எண் போட்டுப் பெரியவரிடம் காட்டுங்கள்.

இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படங்கள் பல வீடுகளில் உண்டு. பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள், பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான்.

9. இப்போதுதான் வம்சாவளி

இப்போது உட்கார்ந்தால் வேலை வேகமாகப் போகும். ஆனால் பெயரை வைத்து ஆளை அடையாளம் காட்ட முடியாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், அண்ணன் தம்பி நால்வருமே அப்பா பெயரைத் தங்கள் மூத்த மகனுக்கு வைத்திருப்பார்கள். ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள், இரண்டு பேரை ஒருவராக எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுங்கள். கூடவே பட்டப்பெயர், வீட்டுப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். “மேட்டு வீட்டு” என்ற அடைமொழியில்தான் ஊரில் ஆளைத் தெரியும்.

அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்வதால் கிளைகள் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரே ஆள் மாமனாகவும் மாமனாராகவும் இருப்பார். இதைத் தாளில் வரைந்தால் கோடுகள் சிக்கிக்கொள்ளும். ஒரு எக்செல் தாளில் எண், பெயர், அப்பா எண், அம்மா எண், துணை எண் என்று ஐந்து பத்திகள் போட்டுவிடுங்கள், எந்த ஆப் மூடப்பட்டாலும் இந்தத் தாள் இருக்கும்.

அம்மா எண் என்ற பத்தியைக் காலியாக விடாதீர்கள். ஆண் வழி மட்டும் ஏழு தலைமுறை எழுதி, பெண்களுக்கு “மனைவி” என்று ஒரு வார்த்தை போட்ட வம்சாவளிகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர், பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர் வேண்டும். தெரியாவிட்டால் கேள்விக்குறி போடுங்கள், அடுத்தவர் நிரப்புவார்.

10. சொல்லாதே என்று சொன்னவை

இரண்டாம் தாரம், ஓடிப்போன கல்யாணம், தற்கொலை, சாதிச் சண்டை, சொத்தில் நடந்த ஏமாற்று எல்லாம் வரும். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் “இதுல யாருக்கும் காட்ட வேணாம்னு ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள், அந்தப் பதிலையும் பதியுங்கள். “என் காலத்துக்கு அப்புறம் சொல்லிக்க” என்பார்கள். அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக வெட்டி, தடை எதுவரை என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

அழிக்க வேண்டாம், பகிரவும் வேண்டாம். பாட்டி கண்கலங்கும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அதோடு அந்தப் பாட்டி யாரிடமும் வாய் திறக்காமல் போன ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

11. பத்திரப்படுத்துதல்

மூன்று பிரதி: ஒன்று உங்கள் கணினியில், ஒன்று வெளிக் கடின வட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ. ஒரே வீட்டில் மூன்றும் இருந்தால் ஒரு வெள்ளத்தில் மூன்றும் போய்விடும், 2015 டிசம்பரில் சென்னையில் ஆல்பங்களை இழந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒலிக்கோப்புகள் பிடிக்கும் இடம் பற்றிப் பயப்பட வேண்டாம். சுருக்காத வேவ் (WAV) கோப்பு, மோனோவில், மணிக்குச் சுமார் 300 எம்பி. போன் வழக்கமாகப் பதிகிற சுருக்கிய கோப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குதான். வசதி இருந்தால் வேவ். இல்லையென்றால் இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஒரு குடும்பத்தின் பேச்சு முழுவதும் அடங்கிவிடும். ஆனால் இரண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம், அதனால் இன்னொருவருக்கும் அந்தக் கோப்புறையில் அனுமதி கொடுத்து, அவரும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். கல்யாணக் கேசட்டுகள் இருந்தால் இந்த வருஷமே மாற்றிவிடுங்கள், ஓட்டுகிற கருவிகளும் அதைப் பழுது பார்க்கிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். கடின வட்டை வருஷத்துக்கு ஒருமுறை போட்டு, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பொங்கலுக்கு வீட்டை ஒதுங்கவைக்கும்போது இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொண்டால் மறக்காது.

12. திருப்பிக் கொடுங்கள், திருத்தி வாங்குங்கள்

குறிப்புப் பட்டியல்களிலிருந்து நல்ல கதைகளாக இருபது முப்பது பக்கம் எடுத்து, நடுவில் படங்கள், கடைசியில் வம்சாவளி வைத்து, லேசர் அச்சில் பத்துப் பிரதி போட்டு ஸ்பைரல் கட்டிவிடுங்கள். எழுத்து பெரியதாக இருக்கட்டும், முதலில் படிக்கப்போகிறவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் அந்தந்த ஒலிக்கோப்பின் எண்ணைக் குறித்துவிடுங்கள், படிக்காவிட்டாலும் கேட்பார்கள்.

இதை முடிந்த புத்தகமாகக் கொண்டுபோகாதீர்கள். முகப்பில் “திருத்தத்துக்கான பிரதி” என்று எழுதுங்கள். எங்கள் பக்கம் மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் குலதெய்வம் கோயிலுக்கு வருவார்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டும் அங்கேதான் இருக்கும். பூசாரியிடம் கேட்டு அந்த நோட்டின் பழைய பக்கங்களையும் பார்த்துவிடுங்கள். வம்சாவளியைப் பெரிய சார்ட்டாக அச்சடித்து, படையலுக்கு அரிசி போட்டுப் பொங்குகிற நேரத்தில் மரத்தடியில் விரித்து, நான்கைந்து பென்சில்களைப் பக்கத்தில் வையுங்கள். கல் ஏற்றி வைக்க மறக்காதீர்கள், காற்று அடிக்கும். யாராவது ஒரு பெரியத்தா குனிந்து பார்த்து “இதுல எங்கக்காவக் காணமே” என்பார். போனைத் துண்டின்மேல் வைத்து, விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, அந்த அக்காவின் பெயரைக் கேளுங்கள்.